அவர் வரவேணும்

இந்த நாட்டில் மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். மிஸ் என்றோ மேடம் என்றோ ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. ஒஸ்லோவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு அது வாயில் வரவில்லை. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பேரித். என் அம்மாவின் வயதிருக்கும். அவரிடம் ஏதாவது கேட்கவேண்டி வந்தால் கூப்பிடமாட்டேன். அருகில் போய் நின்றுகொண்டு, அவர் தானாகத் திரும்பும்வரை காத்திருப்பேன். அது எங்கள் ஊர் மரியாதை. அதை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டிருந்தார் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. தெரியவந்த நாளில் என் கணவரின் உயிரே அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

நான் கலியாணம் செய்து ஒரு வருடம் ஆகப்போகிறது அப்போது. அவர் யாழ்ப்பாணத்தில், நான் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு அறை வீட்டில். அவரைக் கூப்பிடுவதற்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்திருந்தது. கணவரை வைத்துப் பராமரிக்கப் போதுமான வருமானம் எனக்கு இனிவரும் காலத்திலும் இருக்கும் என்று காட்டவேண்டும், அதற்குக் கொஞ்சநாள் தவணை. என் வேலை ஒப்பந்தத்தில் இருந்தது அறுபது வீத வேலை மட்டும். மிச்சத்தை நான் 'வக்த்' எடுத்து நிரப்பினேன். ஆள் சுகமில்லாமல் நின்றுவிடும் நாட்களில், காலையில் தொலைபேசி அடித்தால் ஓடிப்போய்ச் செய்கிற வேலையைத்தான் இங்கே வக்த் என்போம். சம்பளத் துண்டுகளை எல்லாம் அடுக்கி அனுப்பியிருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது குடிவரவு அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்: "நீ உழைத்தது தெரிகிறது. நாளைக்கும் உழைப்பாய் என்பதற்குத்தான் கடதாசி வேண்டும்."

என் கணவரை நான் முதலில் கண்டதும் ஒரு கடதாசி வேலையில்தான். சமாதான காலத்தில், கொழும்புப் பாதை திறந்திருந்தபோது, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுக்க அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், எழுதத் தெரியாத வயதானவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுக்க, தன் இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போவார். அப்படிப் பின்னால் வந்துதான் என் பக்கத்தில் நின்றார். பேர் குணசீலன், கணித வாத்தியார். நான் பேனை கேட்டேன். "திருப்பித் தருவீரோ, இல்லாட்டி வெளிநாட்டுக்குக் கொண்டு போடுவீரோ?" என்று கேட்டார். நான் வெளிநாடு என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டதற்கு, "செருப்பிலை தூசி இல்லை" என்றார். பிறகு கடிதங்கள், தொலைபேசி. இரண்டு வருடம் கழித்து வீட்டுக்காரர் பேசி முடித்துக் கலியாணம். மூன்று வாரம் அவரோடு இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். யாழ்ப்பாணம் தனித்துப்போனது. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பின்னேரத்தோடு ஊரடங்கு. தொலைபேசி எடுபடுவதே அருமை. எடுபட்டால் அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும், "எங்கடை பள்ளிக்கூடத்து வரலாற்று மாஸ்டர் சந்தைக்குப் போனவர், இன்னும் வரேல்லை" என்றார். எப்போது போனவர் என்று கேட்டேன். "போன கிழமை." பேச்சை மாற்றுவதற்காகப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். அதில் அவர் பெயர், பராமரிக்கப்படுபவர் என்ற இடத்தில் வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "எழுதும். ஊரிலை எத்தினை பேருக்குத் 'தங்கிவாழ்வோர்' எண்ட கட்டத்தை நிரப்பிக் குடுத்திருக்கிறன். அதுக்குள்ளை என்ரை பேரும் வரும் எண்டு நினைக்கேல்லை." சிரித்த சிரிப்பு முடிவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அடுத்த நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பேரித்தின் அறைக்குப் போனேன். வழமைபோல வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்ததும், பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். எனக்கு முழுநேர வேலை வேண்டும், அதை உறுதிப்படுத்திக் கடிதம் வேண்டும், என் கணவர் வரவேணும். "மன்னென் மின் மோ கொம்மே." எங்கள் 'வேணும்' இருக்கிறதே, அதற்குள் ஆசையும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. நோர்வேஜியர்கள் அந்த இரண்டையும் வெவ்வேறு சொற்களில் வைத்திருக்கிறார்கள். 'மோ' என்றால் கட்டாயம். வேறு வழியில்லை என்பது. நான் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

பேரித் எழுந்து கதவைச் சாத்தினார். மேசைக்குப் பின்னால் போகாமல் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"அவர் வராவிட்டால் என்ன நடக்கும்?"

"பெரிய பிரச்சினை வரும்."

"யார் பிரச்சினை கொடுப்பார்கள்?"

எனக்கு ஊரடங்கும் சோதனைச்சாவடியும் அந்த மொழியில் வரவில்லை. "அங்கே இருக்கிற ஆட்கள்" என்றேன்.

அவர் என் கையைத் தொட்டார். "நீ எப்போதும் என் வாசலில் பயந்துகொண்டு நிற்பாய். ஏனென்று யோசித்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன், உண்மையைச் சொல். அந்த மனிதர் இங்கே வருவதில் உனக்கு விருப்பமா? இல்லையென்றால் சொல். இங்கே முழுநேர வேலை இல்லை என்று எழுதித் தந்துவிடுகிறேன். உன்னை யாரும் குறை சொல்லமுடியாது."

அந்த மனிசி, கட்டாயக் கலியாணம் என்று நினைத்து, மனதார எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த வாசல் திறந்தால் என் கணவருக்கு இருந்த ஒரே வாசல் பூட்டிவிடும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. கலியாணத்துக்குச் சம்மதமா என்று அப்பா கேட்டார். சாதகம் பொருந்துமா என்று அவர்கள் பக்கம் கேட்டார்கள். எப்போது சந்தித்தீர்கள், கலியாணத்துக்கு எத்தனைபேர் வந்தார்கள் என்று படிவம் கேட்டது. விருப்பமா என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் அழத் தொடங்கினேன். பேரித் மெல்லத் தலையாட்டினார். "விளங்குகிறது" என்றார்.

"பேரித்" என்றேன். முதல்தடவையாக அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது. "உனக்கு விளங்கவில்லை." பிறகு உடைந்த மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன். கச்சேரி வரிசையையும் பேனையையும் சொன்னேன். மற்றவர்களுக்காகப் பின்னால் பின்னால் போனவரைச் சொன்னேன். சந்தைக்குப் போய் வராத மாஸ்டரைச் சொன்னேன். "நான் அவருக்குப் பயமில்லை, அவருக்காகத்தான் பயம்" என்பதைச் சொல்ல மூன்றுமுறை தடக்கினேன். கடைசியில் சரியான சொல் கிடைத்தது. "யாய் வில்." எனக்கு விருப்பம். அவர் இங்கே இருக்க எனக்கு விருப்பம்.

பேரித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்டார். எங்கள் பிரிவில் முழுநேர வேலை உண்மையாகவே இல்லை, ஆனால் மூன்றாம் மாடியில், ஞாபகம் தப்பிய முதியவர்களின் பிரிவில் ஒன்று இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி ஞாயிறும் வரவேண்டும், பலர் வேண்டாமென்று விட்ட வேலை அது என்றார். செய்வேன் என்றேன். அங்கே பொறுப்பானவருக்கு அப்போதே தொலைபேசி எடுத்தார். இரண்டு நாளில் ஒப்பந்தமும் கடிதமும் என் கைக்கு வந்தன.

அதன்பிறகும் ஒரு வருடத்துக்குமேல் சென்றது. அனுமதி வந்தபின் அவர் படையினரிடம் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை போய், கொழும்பில் காத்திருந்து, ஒரு தை மாதத்தில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நான் அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு மெலிந்திருந்தார். "தேடுற ஆள் நான்தான்" என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் ஊருக்கு எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துப் படிப்பித்த மனிதர், மொழி வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கிழமைகளின் பெயரைச் சொல்லிப் பழகினார். நான் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் அவர் யன்னலடியில் நின்று கையசைப்பதை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். "உம்மடை உழைப்பிலை நான் பனி பாக்கிறன்" என்பார். பகிடிதான். இருந்தாலும் நான் சிரித்ததில்லை.

வந்து ஒரு மாதமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து பின்னேரம் புருசெத் நிலையத்தில் இறங்கினால், வெளியே அவர் நிற்கிறார். என்னைக் கூட்டிப்போக வந்தாராம். பாதை முழுவதும் கண்ணாடி மாதிரி ஐஸ். இரண்டு அடி வைத்தார், சறுக்கினார். நான் அவர் கையை என் கைக்குள் கோத்து இறுக்கிப் பிடித்தேன். ஊரில் இருந்த மூன்று வாரத்திலும் நாங்கள் ரோட்டில் கைபிடித்து நடந்ததில்லை.

"விடும். ஆரும் பாக்கப்போகினம்" என்றார்.

"இஞ்சை ஆரப்பா பாக்கிறது? பேசாமல் வாங்கோ" என்றேன்.

கையை விடவில்லை. ஆனால் அப்படிச் சொன்ன நானேதான், எங்கள் சனம் குடியிருக்கும் அந்த நெடிய கட்டடங்களின் யன்னல்களை, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.