பிட்டு இல்லாத படம்

1. பொட்டி மாறி வந்தது

பஸ்ஸிலிருந்து இறக்கிய படப்பொட்டியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் கேட்டிருந்தது சீனாக்காரன் சண்டைப் படம். வந்திருந்த போஸ்டரிலோ ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு வெள்ளைக்காரன், டப்பா மாதிரி ஒரு சின்னக் கார். அந்தப் பெண்ணின் தோளில் துணி இல்லை. தமிழில் டப்பிங் செய்து ‘காருக்குள்ளே காதல்’ என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். பெயரே சரியில்லையே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியிருந்த தியேட்டர் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எனக்கு முன்னால் லீசுக்கு எடுத்திருந்த ஆள் ‘பிட்டு’ ஓட்டியே பெயரைக் கெடுத்து வைத்திருந்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தை ஓடவிட்டு, நடுவில் அதற்குச் சம்பந்தமே இல்லாத அசிங்கமான துண்டு ஒன்றைச் செருகுவார்கள். அந்தத் துண்டுதான் பிட்டு. ஒருநாள் போலீஸ் வந்தது, பூட்டு விழுந்தது. முதலாளி பாய் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்பவர், மானஸ்தர். லீசுக்காரனைத் துரத்திவிட்டு, ரோலிங் மில் மூடி வேலையில்லாமல் கிடந்த என்னை மேனேஜராக உட்கார வைத்தார்.

முதல் நாளே சொல்லிவிட்டார். “இத பாருப்பா, எங்க ஊட்டு பொம்பளைங்க வெளிய தல காட்ட முடியாம போச்சு. இனிமே ஒரு பிட்டு ஓடிச்சுன்னு என் காதுல வுழுந்துச்சு, அன்னிக்கே ஷட்டர இறக்கிட்டு இரும்பு குடோனுக்கு வுட்டுடுவேன். அப்புறம் வந்து அழக்கூடாது.”

ஷட்டர் இறங்கினால் நான் மறுபடி தெருவில். என் மனைவி அவள் வீட்டாரிடம் நான் தியேட்டரில் இருப்பதைச் சொல்லவே இல்லை, ‘கம்பெனியில இருக்கார்’ என்றே சொல்லி வைத்திருந்தாள். அந்த வேலையும் போனால் வாயைத் திறக்கவே முடியாது.

படத்தோடு வந்த ரெப் ஒரு ஒல்லி ஆள். விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து வசூலைப் பார்க்க வருகிறவரைத்தான் ரெப் என்போம்.

“சண்டப் படம் எங்கப்பா?” என்றேன்.

“பிரிண்டு வேற ஊர்ல மாட்டிக்கிச்சு சார். இது நல்ல படம். ஃபேமிலி படம் சார்.”

“ஃபேமிலி படத்துல அந்தப் பொண்ணு ஏன் இப்படி நிக்குது?”

“அது கல்யாணப் பொண்ணு சார். அவங்க ஊர்ல அப்படித்தான். சத்தியமா ஃபேமிலி படம் சார்.”

இரண்டு தடவை ஃபேமிலி என்றான், ஒரு தடவை சத்தியம் என்றான். எனக்கு அவன் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ரீல் டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலைக் காட்சிக்கு பெல் அடிக்க நேரமாகிவிட்டது, போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

2. காலைக் காட்சி

என்னைவிட ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் அதிகம். ஆனால் அவர்கள் சந்தேகம் சந்தோஷமான சந்தேகம். போஸ்டர் ஒட்டியவுடனே நைட் ஷிப்ட் முடித்தவர்கள், செகண்ட் ஷிப்ட் போக வேண்டியவர்கள் எல்லாம் வந்து குவிந்தார்கள். சிலர் முகத்தில் கர்ச்சீப். டிக்கெட் கிழிக்கும் ரெட்டியார் ஆந்திரா பார்டர்க்காரர். அவரிடம் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

“நைனா, இன்டர்வலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“ஏமி லேது, ஒண்ணும் கெடையாது. உள்ள போய்யா” என்று அவர் கத்தினால், “அட, நம்மகிட்டயேவா!” என்று கண்ணடித்துவிட்டு உள்ளே போனார்கள்.

படம் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிட்டு வருவதற்கு முன் படம் ஒரு குதி குதிக்கும். அந்தக் குதிக்குத்தான் நான் காத்திருந்தேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

காதில் விழுந்ததோடு பிற்பாடு பார்த்ததையும் சேர்த்துச் சொன்னால் கதை இதுதான். தன் கல்யாணத்துக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு ரயில் போய்விட்டது. முன்பின் தெரியாத சமையல்காரன் ஒருவனின் காரில் ஏறுகிறாள். வழியெல்லாம் சண்டை. டப்பிங் எழுதிய புண்ணியவான் அந்த வெள்ளைக்காரனை வண்ணாரப்பேட்டை ஆளாகவே ஆக்கிவிட்டான். “இன்னாமே, மேப்ப தலைகீழா புட்சிகினு ரூட்டு சொல்றியா?” என்று அவன் கேட்டதும் கொட்டகை அதிர்ந்தது. கர்ச்சீப்புகள் இறங்கின.

பிறகு ஒரு லாட்ஜ். ஒரே ரூம்தான் காலி. கூட்டம் கப்சிப். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்தான். பல் தேய்க்க வந்தவள் அவன் இருப்பதைப் பார்க்காமல் குழாயைத் திறந்தாள். ‘அய்யோ பாவம்’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்தது அதுதான் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

இன்டர்வல் முடிந்து கொஞ்ச நேரத்தில் படம் பட்டென்று நின்று திரை வெள்ளையானது.

“வந்துட்சுடா!” என்று முன் வரிசையில் ஒருவன் எழுந்தான். விசில் பறந்தது.

நான் படிக்கட்டில் பாய்ந்தேன். ஆபரேட்டர் முனுசாமி எப்போதும் கேபின் கதவைத் திறந்துதான் வைப்பார். அன்று உள்தாழ்ப்பாள். இடி இடியென்று இடித்தேன். “யோவ் முனுசாமி, கதவத் தொறய்யா! என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாதய்யா!”

கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண் நின்றாள்.

“யாருய்யா இது?”

“ஊட்டுக்காரம்மா சார்” என்றார் முனுசாமி. “சோறு எடுத்தாந்துச்சு. அந்த ஓட்டை வழியா கொஞ்சம் பாத்துச்சு. அப்புறம் போக மாட்டேன்னுடுச்சு. கீழ அந்தக் கூட்டத்துல எப்டி சார் உக்கார வைக்கறது?”

“படம் ஏன்யா நின்னுச்சு?”

அவர் தலையைச் சொறிந்தார். ஒரு மெஷினில் ரீல் முடியும்போது திரையின் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த மெஷினைப் போட வேண்டும். தூக்கத்தில்கூட அந்த மார்க்கைத் தவறவிடாத மனுஷன் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சிரித்துக்கொண்டிருந்ததில் கோட்டை விட்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கு என்மேல்தான் கோபம். “நீ இன்னா சார், ஊரு ரெண்டு பட்ட மாதிரி கத்திகினு! மொதல்ல படத்தப் போடச் சொல்லு. அவ நிச்சய மோதிரத்த கழட்டுனாளா இல்லியான்னு பாக்கணும்.”

முனுசாமி அடுத்த ரீலைப் போட்டார். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. மீதி டப்பாக்களை எல்லாம் மறுபடி திறந்து பார்த்தேன். சோற்று டப்பாவைக்கூட விடவில்லை. கீழே விசிலடித்தவன் “பிட்டு எங்கய்யா?” என்று தகராறு செய்ய, பக்கத்து ஆள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். “குந்துடா டேய், மறைக்குது!”

3. முதலாளி வந்தார்

எவனோ போன் போட்டுவிட்டான். திரை வெள்ளையானது, மேனேஜர் ஓடினது, கேபினில் பெண் இருந்தது, எல்லாம் கண் காது மூக்கு வைத்து பழவேற்காடு போய்ச் சேர்ந்தது. மேட்னிக்கு பெல் அடிக்கும்போது பாய் அம்பாசடரில் வந்து இறங்கினார். நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நடந்ததைச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “நானே பாத்துக்கறேன்.”

கேபினுக்குள் யாரும் வரக்கூடாது என்று முனுசாமியிடம் சொல்லிவிட்டு, நான் பாயின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் அசையவே இல்லை. ஊரே சிரித்தபோதும் அவர் தோள் குலுங்கவில்லை. முடிந்தது கதை என்று முடிவு கட்டிவிட்டேன். இனி எந்த மில்லில் போய் வேலை கேட்பது என்றுகூட யோசித்துவிட்டேன். படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பின்மண்டைதான் எனக்கு அன்றைய படம்.

லைட் போட்டதும் பாய் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பா அந்த பிட்டு?”

“பிட்டே கெடையாது பாய். என் புள்ள மேல சத்தியம்.”

“பொய் சொல்லாத. கடசியில அந்தப் பொண்ணு சர்ச்சு வாசல்ல எறங்குதா, உள்ள போவாம திரும்பி காராண்ட ஓடுதா, அவங்க வாப்பா வாசல்ல நின்னுகினு கைய தூக்கி வாயத் தொறக்கறாரா? அத்தோட ரோட்டக் காட்டிட்டானே! அவரு இன்னா சொன்னாரு? போம்மான்னாரா, வராதன்னாரா? அந்த எடத்த யாரு வெட்டுனது? நீயா, முனுசாமியா?”

“எந்த சர்ச்சு பாய்?” என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ படத்தையே பாக்கலியா?”

“இல்ல பாய். பிட்டு வருதான்னு...”

“ரெண்டு ஆட்டமும் நின்னுகினு படத்தப் பாக்காத மேனேஜர இப்பதாம்பா பாக்கறேன்” என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. “எனக்கும் பொம்பளப் புள்ளைங்க கீதுப்பா. அந்த மனுசன் இன்னா சொல்லியிருப்பாருன்னு மனசு கெடந்து அடிச்சிக்குது. நாளைக்கு எங்க ஊட்டுல எல்லாரையும் கூட்டியாறேன். லேடீஸ் கவுண்டர தொறந்து கழுவி வை.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேட்டில் சந்தேகப்படுங்கள், ரெப்பிடம் சந்தேகப்படுங்கள், ஆபரேட்டரிடமும் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு ஆட்டமாவது உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். அன்று மாலை ஆட்டத்துக்கு நான் முனுசாமியின் சம்சாரத்துக்குப் பக்கத்தில் கேபினில் நின்று முதலிலிருந்து பார்த்தேன். அந்த அப்பா கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், ரோடு வந்தது. யாரும் வெட்டவில்லை, படமே அப்படித்தான். “போன்னுதான் சார் சொல்லியிருப்பாரு” என்றாள் அந்த அம்மாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.