உப்புக்குக் கட்டம் இல்லாத நோட்டு

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே ஓடை கடலில் சேரும் சேற்றில், பேச்சிச்செல்வி இருபத்தாறு வருடமாகக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். வயது ஐம்பத்தேழு. பிடித்ததைப் போட இடுப்பில் ஓலைப் பறி. கடல் வற்றும் நேரம்தான் அவளுக்கு வேலை நேரம். இன்று பத்து மணி என்றால் நாளை பத்து ஐம்பது.

முன்பு ஓடையில் ஊர்ச் சாக்கடை கறுப்பாக வந்தது. கோடையில் அது சுருங்கிவிட, கடல் தண்ணீர் பாலம்வரை ஏறும். 2021 பிப்ரவரி 8 முதல் சுத்திகரித்த தண்ணீர் குழாய் வழியாக ஓடையில் விழுகிறது. வருடம் முழுவதும் ஓட்டம் நிற்பதில்லை. நாற்றம் போயிற்று. சம்புக் கோரை முளைத்தது, ஜிலேபிக் கெண்டை மீன் பெருகியது. பேச்சியின் பறியில் மட்டும் இறால் குறைந்தது.

குழாயைக் கடலுக்குள் நானூறு மீட்டர் நீட்ட வேண்டும் என்று அவள் மாநகராட்சியில் மனுக் கொடுத்தாள். விசாரித்த பொறியாளர் ஆதாரம் கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் காலை ஆறரைக்குப் பாலத்தில் நின்று ஓடையைப் பற்றி நான் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். அதை அவளே என்னிடம் வாங்கிப்போய் அவரிடம் கொடுத்தாள். அதில் நிறம், நாற்றம், மீன் என்று மூன்று கட்டம். நாள்தோறும் நான் எழுதியது: தெளிவு, இல்லை, அதிகம். அதை வைத்தே மனு தள்ளுபடியானது.

என் வீட்டு வாசலுக்கு வந்து என்னை நிறுத்தினாள்.

"தண்ணி நல்லாருக்குன்னு எழுதியிருக்கிய. அப்ப எறால் எங்க போச்சு அண்ணாச்சி?"

நோட்டில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு, கடல் வற்றியபோது, அவளுடன் சேற்றில் இறங்கினேன். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நக்கிப் பார்க்கச் சொன்னாள். தயங்கினேன்.

"நல்ல தண்ணின்னு எழுதினது நீங்கதான?"

நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. முப்பத்தோரு வருடம் உப்பளத்தில் தண்ணீரின் உப்பை டிகிரிக் கணக்கில் எழுதிய எனக்கு, ஓடை நோட்டில் உப்புக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. அழுக்கு இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பை அளக்கும் பழைய டிகிரிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு நாள் அவள் நேரத்துக்குப் போய், புது நோட்டில் எழுதினேன். கடலில் மூன்று டிகிரி. அவள் சேற்றில் ஒன்றைத் தாண்டவில்லை; நிற்காத ஓட்டம் கடலை உள்ளே விடவில்லை. இறால் குஞ்சு உப்பு இருக்கிற இடம்வரைதான் உள்ளே வரும் என்றாள் அவள். சாக்கடை வந்த காலத்தில் வந்த இறால் சுத்தமான தண்ணீருக்கு வரவில்லை என்பதை எப்படி எழுதுவது என்று புரியாமல் இரண்டு பக்கத்தைக் கிழித்தேன்.

இரண்டு நோட்டையும் பொறியாளரிடம் கொடுத்தோம். எது சரி என்றார். இரண்டும் சரி என்றேன். அவர் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்குமாகப் புரட்டினார். தள்ளிய மனுவை மறுபடி விசாரிப்பதாக வாங்கிக்கொண்டார். எப்போது என்று தேதி சொல்லவில்லை.

அன்று அவள் பறியில் ஏழு இறால். அடியில் மூன்று ஜிலேபி. இதுவரை அவள் ஜிலேபி எடுத்ததில்லை. அவள் அன்றன்று பிடிப்பதை நான் எழுதும் கணக்கில் அதையும் சேர்க்கவா என்று கேட்டேன். இறாலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பறியை மூடினாள்.

"எழுதுங்க அண்ணாச்சி. எறாலுக்குக் கீழ எழுதுங்க."