ஐயா அடுக்கின பை

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு அம்மா இல்லை. புருசன் சவூதியில். நயினாதீவு வீட்டில் நானும் ஐயாவும் மட்டும்தான். ஐயா அந்தத் தீவிலேயே முப்பது வருசம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, ஒரு பின்னேரம் மருத்துவிச்சி வீட்டு வாசல் படலையில் போய் நின்று, பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவள் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவ சொல்லச் சொல்ல, பழைய தந்தித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

"ஒரு சாமான் மட்டும் அவ எனக்குச் சொல்லேல்லை. அதை நீ பக்கத்து வீட்டு அக்காட்டக் கேட்க வேணுமாம்," என்றார், முகத்தைத் தாளுக்குள் வைத்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் மூண்டு கிழமை கிடக்குத்தானே ஐயா?"

"காத்துக் காலம். கடலில லோஞ்ச் எப்ப ஓடும், எப்ப நிக்கும் எண்டு சொல்லேலாது."

மறுநாள் காலை பை ஒன்றை வெயிலில் காயப்போட்டுவிட்டு அடுக்கத் தொடங்கினார். நான் உடுக்க இரண்டு சோட்டி, துவாய், சவர்க்காரம், சுடுதண்ணிப் போத்தல், மூடியுள்ள பேணியில் சீனி, கிளினிக்கில் தந்த பதிவு மட்டை. ஒவ்வொன்றையும் வைத்ததும் தாளில் ஒரு கோடு. கடைசியில் 'பழந்துணி' என்பதற்கு வந்தபோது எழுந்து போய் அறை அலுமாரியைத் திறந்தார்.

அம்மா செத்து ஒன்பது வருசம். அவவின்ர நூல் சீலைகள் மடித்தது மடித்தபடியே மேல்தட்டில் இருந்தன. தூசி தட்டக்கூட ஐயா என்னை விட்டதில்லை. அன்றைக்கு அவரே நீலத்தில் சின்ன வெள்ளைப் பூப் போட்ட சீலையை எடுத்து வந்து, நிலத்தில் விரித்து, நடுவில் கத்திரிக்கோலால் ஒரு வெட்டுக் கொடுத்தார்.

"அம்மான்ர சீலை ஐயா."

"பழஞ்சீலைதான் பிள்ளைக்கு மெத்தெண்டு இருக்கும்."

பிறகு கிழித்தார். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கரை உரசும் என்று அதை வெட்டி எடுத்துவிட்டார். பன்னிரண்டு துண்டு வந்தது. அவித்து, கொடியில் காயப்போட்டு, மடித்து, தபால் கட்டுக் கட்டுகிற மாதிரியே குறுக்கும் நெடுக்கும் நூல் போட்டுக் கட்டினார். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம்.

நாள் நெருங்கும்போது, அவர் சொன்னபடி இரண்டு நாள் காற்று. மூன்றாம் நாள் காலை கடல் கொஞ்சம் அடங்க, எனக்கு நோவும் தொடங்கியது. லோஞ்சில் தண்ணீர் அடித்து ஐயா தோளுக்குக் கீழே முழுக்க நனைந்துபோனார். பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். குறிகட்டுவான் துறையில் இறங்கி, கார் பிடித்து, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்னேரம் மகள் பிறந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவு அக்கா ஒருத்தி. கிளினிக்குக்குக் காட்ட வந்த இடத்தில், இன்னும் நாள் இருக்கவே, காற்றுத் தொடங்க முதல்நாள் பிள்ளை பிறந்துவிட்டதாம். சாமான் எடுக்க ஊருக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. அங்கே கடல் இன்னும் அடங்கவில்லை. தன் சீலைத் தலைப்பால் பிள்ளையைச் சுற்றி வைத்திருந்தா. அது நனைந்திருந்தது.

நான் துணிக் கட்டை அவிழ்த்து ஆறு துண்டை நீட்டினேன்.

"உமக்கு வேணுமே தங்கச்சி."

"கிடக்கு அக்கா. பிடியுங்கோ."

கொடுத்தபிறகுதான் எனக்கு ஐயாவின் நினைவு வந்தது. அடுத்த நாள் பார்வையாளர் நேரத்துக்கு அவர் வந்து பேத்தியைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அம்மாவின் நீலச் சீலைக்குள் யாரோ ஒரு பிள்ளை கையை உதறிக்கொண்டு கிடந்தது. ஐயா அந்தக் கட்டிலுக்குக் கிட்டப் போனார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று அந்த அக்காவிடம் கேட்டார்.

"ஓம் ஐயா. உங்கட மகள்தான் ஆறு துண்டு துணி தந்தவ."

"ஆறு காணாதே," என்றார். "மழைக்காலத்தில காயாது."

அவ்வளவுதான். மறுநாள் வந்தபோது அவர் கையில் இன்னொரு கட்டு. அம்மாவின் பச்சைச் சீலை. அதை அந்தக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு என் பக்கம் வந்து கதிரையில் இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நோகுதோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நெடுந்தீவு அக்காவின் புருசன் மூன்றாம் நாள் தலையெல்லாம் உப்புப் பூத்து வந்து சேர்ந்தார். நான் வீட்டுக்கு வெளிக்கிட்டபோது அவ என் மகளைத் தூக்கி உச்சி மோந்து தந்தா. அதன்பிறகு நான் அவவைக் காணவில்லை.

வீடு திரும்பின அன்று கடல் தட்டையாகக் கிடந்தது. லோஞ்சில் ஐயா மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒருகாலத்தில் கடிதம் கொடுத்த ஆட்கள்தான் சுற்றிவர. ஒருவர், "பேரனோ, பேத்தியோ?" என்று கேட்டார்.

"பேத்தி," என்றார் ஐயா. "நிறை ஆறரை றாத்தல்." பிறகு ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் தோளைத் தட்டி, "ஆறரை றாத்தல்," என்று அவருக்கும் சொன்னார்.