மில்லுக்குள் போட்ட முக்காடு

எனக்கு எண்பத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது. இரண்டு என் தங்கை விட்டுப்போனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாக வந்தாலும் என் கையெழுத்து.

உலக யுத்த காலம். நானும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். அம்மாவின் பாதம் வெடித்து வெடித்து, நடந்தால் முகம் கோணும். என் காலிலும் அந்த வருஷம் புண் வந்து ஆறாமலே இருந்தது. அப்போதுதான் நூல் மில்லில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. நிழலில் நின்று செய்கிற வேலை. அது கிடைக்காவிட்டால் கோடை முழுக்க உப்புத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும்.

கை சொரசொரப்பாக இருந்தால் நூல் சிக்கும், எடுக்க மாட்டார்கள் என்றார்கள். அம்மா தினமும் என் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மில் வாசலில் வரிசை. ஆள் எடுக்கிற மேஸ்திரி ஒவ்வொருத்தி கையாகத் திருப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"உப்பளத்துக் கையா?"

"ஆமா அண்ணாச்சி."

"எண்ணெ மணக்கே. பணியாரம் சுட்டுட்டு வாரியோ?"

வரிசையே சிரித்தது. ஆனாலும் என்னை உள்ளே வரச் சொன்னார். மிஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலை தருவார்களாம்.

கதவைத் திறந்தார்கள். அதை எப்படிச் சொல்ல. எங்கள் மாதா கோயில் கூரையைவிட உயரமான கூரையை நான் அதுவரை பார்த்ததில்லை. இது அதையும் மிஞ்சி நின்றது. மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. பஞ்சுத் தூசி சாம்பிராணிப் புகை போல அதில் மிதக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் மிஷின்கள், அவற்றின் முன்னால் வாய் பேசாமல் நிற்கும் பெண்கள். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. தரை வழியாக என் காலுக்குள் ஏறியது.

என் கை தானாகப் போய் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டது. நெற்றியில் சிலுவை போட்டேன். முழங்காலும் மடங்கிவிட்டது.

மிஷினைச் சுற்றி ஓடுகிற தோல் வார் பக்கத்திலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. மேஸ்திரி தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

"சாவ வந்தியாளா? துணி வாருல மாட்டிச்சுன்னா தலையோட இழுத்துட்டுப் போயிரும். இங்க முக்காடு ஆகாது. போ வீட்டுக்கு."

வீட்டில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னளா கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கல. நான் கும்பிட்டுட்டேன்."

"யாரை?"

"மில்லை."

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் போ. கும்பிடாமப் போ" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் என் முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகி, மீன்வலைக் கிழிசல் பொத்துகிற நூலால் தைத்தே விட்டாள். நானே நினைத்தாலும் தலைக்கு எடுக்க முடியாது.

மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நேத்து பூசைக்கு வந்தவ நீதானே?"

"ஆமா அண்ணாச்சி. இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கேன். முந்தியத் தச்சுட்டே வந்துட்டேன்."

தையலைப் பார்த்தார். "வீட்டுல போயி எப்படிப் பிரிப்ப?"

"எங்கம்மா பல்லாலயே கடிச்சுருவா."

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். உள்ளே விட்டார்.

மிஷினில் நின்ற ஒரு அக்கா அறுந்த நூலை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு தரம் செய்து காட்டினாள். முதலில் நழுவியது. மறுபடி எடுத்து விரலில் வைத்து உருட்டினேன். நூல் சடக்கென்று என் விரலை விட்டுப் பறந்து, அறுந்ததே தெரியாமல் ஓடியது. இவ்வளவு பெரிய மிஷின் என் விரலிலிருந்து நூலை வாங்கிக்கொண்டது. அந்த இடத்திலேயே மறுபடி முழங்கால் போடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்குக் காலம்பற வா" என்றார் மேஸ்திரி.

கால் புண் அந்தக் கோடையிலேயே ஆறியது. அடுத்த கோடைக்கு அம்மாவையும் உப்பளத்திலிருந்து நிறுத்திவிட்டேன். அந்தக் கதவுக்குள் நுழையும்போதெல்லாம் கை முந்தானையைத் தேடும். ஒருநாளும் எடுக்க விடவில்லை.

ஏளா பேத்தி, இங்கன வா. நான் எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டு. கதவு திறக்கிற இடத்துல மட்டும் ஓடாத, கொஞ்சம் நின்னு வாசி.