மணமக்கள் ஆடிவந்த சிறைப்பாட்டு

இன்று நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரு பழைய ஆங்கில ப்ளூஸ் பாட்டுக்கு ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தார்கள். எல்லோரும் கைதட்டினோம்.

என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் மட்டும் தட்டவில்லை. முதலில் அதைப் பாடியவன் ஒரு கைதியாம். "அம்மா, வாசலில் நிற்காதே, நான் வரமாட்டேன்" என்பதுதான் பாட்டாம். பிறகு பாடியவர்கள் ஆளுக்கு ஆள் வேகத்தைக் கூட்டி, ஆட்டப்பாட்டு ஆக்கிவிட்டார்களாம்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற பொம்பிளையின் தாயிடம் அதை அப்படியே சொன்னேன்.

அவருடைய கைகள் நின்றன.

"ஊரிலை அண்ணாவை ஆமி பிடிச்ச பிறகு, எங்கட அம்மாவும் சாகுமட்டும் காம்ப் வாசலிலைதான் நிண்டவ."

ஆடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"பிள்ளையளிட்டைச் சொல்லிப்போடாதை, தம்பி" என்றுவிட்டுத் திரும்பவும் கைதட்டத் தொடங்கினார்.

உங்கள் கலியாணத்துக்கு என்ன பாட்டுப் போட்டீர்கள்? எழுதுங்கள். அர்த்தம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.