அருவி வற்றிய குற்றாலமும் ஒன்பது டிகிரிப் பாலும்

ஊரே ஆடியில் போகும் குற்றாலத்துக்கு நான் சித்திரையில் போனேன். அதுவும் வேண்டுமென்றே.

நான் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வடிவமைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். மெல்லிய ஸ்டீல் தகடுகளை வரிசையாக அடுக்கி இறுக்கிய இயந்திரம், அவ்வளவுதான். ஓர் இடுக்கில் சூடான பால் போகும், அடுத்த இடுக்கில் குளிர்ந்த தண்ணீர் போகும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும்.

குற்றாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஆய்க்குடிப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையம் நடத்தும் முத்துலட்சுமி அக்கா போன் செய்திருந்தார். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ. நிலையம் முழுக்க இவர் பொறுப்பு. போன கோடையில் பால் சரியாகக் குளிரவில்லை என்று டேங்கர் பலமுறை ஏற்ற மறுத்திருக்கிறது. இந்தக் கோடையும் அப்படியென்றால் கொள்முதலையே நிறுத்திவிடுவோம் என்று வாங்கும் கம்பெனி சொல்லிவிட்டதாம். புது இயந்திரம் என்ன விலை என்று கேட்டார். நேரில் வருகிறேன் என்றேன்.

"இப்பவா? அருவியில தண்ணியே இல்லியே மேடம். ஆடியில வாங்களேன், சாரல்ல குளிச்ச மாதிரியும் இருக்கும். இந்த மிஷின் போட்டவியளும் அப்பந்தான் வந்தாவ."

எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. மறுநாளே டிக்கெட் போட்டேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் பஸ்ஸில் கால் மணி நேரம். சீசனில் கெஞ்சினாலும் கிடைக்காத அறை அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மெயினருவியில் பாறை ஓரமாக ஒரு நூல் தண்ணீர், பாதிக் கடைகளுக்குப் பூட்டு, பரோட்டாவுக்கு வரிசையே இல்லை. குரங்குகள்கூட என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தன.

மதியம் ஆய்க்குடிக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"வெறும் பாறையப் பாக்கவா மேடம் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திய?"

"இல்ல அண்ணாச்சி, கிணத்துத் தண்ணி எவ்வளவு சுடுதுன்னு பாக்க வந்தேன்."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஆட்டோவை விரட்டினார்.

நாலு மணிக்குப் பால் கேன்கள் வரத் தொடங்கின. அங்கே இயந்திரம் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் கிணற்றுத் தண்ணீர் பாலின் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும். மிச்சத்தை ஐஸ் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் வெப்பமானியை வைத்தேன். முப்பத்தொன்று.

"மிஷின் போட்டப்ப எவ்வளவு இருந்துச்சுக்கா?"

"இருவத்தஞ்சு. அளக்கும்போது நானும் இங்கனதான் நின்னேன்."

விஷயம் இதுதான். ஆடிச் சாரலில் குளிர்ந்து கிடந்த தண்ணீரை அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் தகடுகளை எண்ணிப் போட்டுவிட்டார்கள். சித்திரையில் முதல் கட்டம் பாதி வேலைகூடச் செய்வதில்லை. எல்லாச் சுமையும் இரண்டாம் கட்டத்தின் தலையில். நாலு டிகிரியில் வெளியே வரவேண்டிய பால் ஒன்பதில் வந்துகொண்டிருந்தது.

ஐஸ் தண்ணீர் வரும் தொட்டியின் மூடியைத் திறந்தேன். குழாய்களைச் சுற்றி ஐஸ் இன்னும் தடிமனாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அக்கா பயந்தே போனார்.

"புது மிஷினே வேண்டாம்கா!"

"என்ன மேடம், விக்க வந்தவிய வேண்டாங்கிய?"

குளிர் வேண்டிய அளவு இருக்கிறது, அதைப் பாலுக்குக் கைமாற்றத் தகடுகள்தான் போதவில்லை என்று விளக்கினேன். தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தில் இன்னும் தகடுகள் சேர்க்க இடமும் இருந்தது. நம்ப வைக்க ஒரே வழிதான் தெரிந்தது. பால் வரும் வால்வைப் பாதி மூடினேன். மெதுவாகப் போனால், இருக்கிற தகடுகளே அதிகக் குளிரைக் கொடுக்கும். ஒன்பது ஏழானது. ஏழு ஐந்தானது. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் வலித்தது. நாலு!

ஏழு மணிக்கு டேங்கர் வந்தது. ஓட்டுநர் வெப்பமானியை முக்கிப் பார்த்துவிட்டு, "நாலு. ஏத்துங்க" என்றார். அக்கா சட்டென்று திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் வால்வை மூடிக்கொண்டே காலம் தள்ள முடியாது. பால் மெதுவாகப் போனால் கேன்கள் வெக்கையில் காத்துக் கிடக்கும். இரண்டாம் கட்டத்துக்குக் கூடுதல் தகடுகள் அனுப்பி, அக்னி நட்சத்திரத்துக்கு நடுவிலேயே பொருத்திவிட்டோம். முழு வேகத்தில் நாலு டிகிரி. இந்தக் கோடையில் அதன்பிறகு ஒரு நாள்கூட டேங்கர் ஏற்ற மறுக்கவில்லை. புது இயந்திரம் விற்காமல் திரும்பியதற்கு என் மேலாளர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வைத்திருக்கட்டும்.

இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்தின் மோசமான மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள், சட்டத்தில் கூடுதல் தகடுகளுக்கு இடம் கேளுங்கள். குற்றாலம் போகிறவர்களுக்கு, சித்திரையில் அறை மலிவு, அமைதி இலவசம், குளியல் மட்டும் கிடையாது. குடிதண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தார். "சாரல் கட்டிருச்சு மேடம், அருவியில நல்லா தண்ணி விழுது. கெளம்பி வாங்க. வரும்போது அந்த வெப்பமானிய மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க."