நீள வயிறு, குட்டை வயிறு

முன்சக்கரத்தின் மையத்துக்கு நேராகத் தரையில் குதிகாலை ஊன்றி, அடிமேல் அடி வைத்துப் பின்சக்கரம் வரை நடந்துகொண்டிருந்தார் அருள்சாமி. பதினாலு, பதினஞ்சு, பதினாறு. வண்டி அவருடையதல்ல. பிரிஞ்சாங் மலையூர்க் கடைத்தெருவில் முட்டைக்கோஸ் ஏற்ற நின்றிருந்த யாருடைய லாரியோ. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி என்னவென்று கேட்டார். “ஒண்ணுமில்ல லா, சும்மாதான்,” என்றபடி அவரைப் பற்றி எழுத உடன் சுற்றிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, “நீள வயிறு சார்,” என்றார் அருள்சாமி, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லும் குரலில்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அவர் வயிறு என்பார். கம்பெனிக்காரர்கள் அதை வீல்பேஸ் என்கிறார்கள். அருள்சாமிக்கு வயது ஐம்பத்து மூன்று. பக்கச் சுவரில்லாத தட்டை ட்ரெய்லரில் இரும்புக் குழாய், உத்தரம், தொழிற்சாலை இயந்திரம் என்று மலைக்கு ஏற்றி வருவது இருபத்தாறு வருடத் தொழில். வளைவுகளுக்குப் பெயர் சொல்ல மாட்டார், எண்தான். வளைவு நெருங்கினால் ரேடியோவை அணைப்பார். பக்கத்தில் இருப்பவர் பேச்சும் அத்துடன் நிற்க வேண்டும். ஒருமுறை நான் தெரியாமல் தும்மிவிட்டேன். அரை மணி நேரம் முகம் கொடுக்கவில்லை.

இந்தப் பயம் பிறவியிலேயே வந்ததல்ல. இரண்டு வருடத்துக்கு முன், டிசம்பர் மழையில், தாப்பா மலைப்பாதையில் குழாய் ஏற்றி வந்தபோது பழைய நீள வண்டி ஒரே மடக்கில் திரும்பவில்லை. பின்னால் எடுத்தார். ட்ரெய்லரின் கடைசிச் சக்கரம் சாலையை விட்டு இறங்கிவிட்டது. இழுவை வண்டி வரும்வரை நாற்பது நிமிடம் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். “மண்ணு சரியிற சத்தம் மட்டும் கேட்டுச்சு சார். சர்ர்ருனு. இப்பக்கூடச் சோறு வடிச்சா அந்தச் சத்தம்தான்.” அன்றிலிருந்து அவர் மனைவி மேவிஸ் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சோறு வடிக்கிறார்.

போன மாதம் முதலாளி திருமாறனுக்குப் பெரிய வேலை கிடைத்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் புதுக் கூரை. அதற்கான இரும்பு உத்தரங்களை மேலே கொண்டுபோக வேண்டும். ட்ரெய்லரை இழுக்க ஈப்போவிலிருந்து இரண்டு வண்டிகளைப் பார்வைக்குக் கொண்டுவந்திருந்தார். ஒன்றின் வயிறு நாலேகால் மீட்டர், மற்றது மூன்றேகால். “அண்ணே, ஓட்டப்போறது நீங்க. நீங்க சொல்றதத்தான் வாங்குவேன்,” என்றார். அருள்சாமி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தோட்டத்துச் சாலையில் ஐந்தாவது வளைவு இடப்பக்கம் மடங்கி ஏறுகிறது. வலப்பக்கம் சரிவு. சரிவின் அடியில் தோட்டத் தொழிலாளர் லயம், பதினெட்டு வீடு. மேவிஸ் பிறந்த வீடும் அதில் ஒன்று. இப்போது அவருடைய தங்கை பிள்ளைகளோடு அங்கே இருக்கிறார். வெறும் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு முதலில் நீள வண்டியில் போனோம். திருமாறன் நடுவில், நான் ஓரத்தில். ஐந்தாவது வளைவில் வண்டியின் மூக்கு சாலையைத் தாண்டி வெளியே நின்றது. கண்ணாடி வழியே சாலை தெரியவில்லை. துத்தநாகக் கூரைகளும் கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளும்தான் தெரிந்தன. அருள்சாமியின் உதடு மட்டும் “ஏசப்பா, ஏசப்பா” என்று அசைந்தது. இரண்டு முறை பின்னெடுத்துத்தான் திரும்ப முடிந்தது.

குட்டை வண்டி அதே வளைவை ஒரே மடக்கில் திருப்பியது. திருமாறன் கைதட்டினார். “முடிஞ்சிருச்சு லா!” ஆனால் வளைவை அடுத்த செங்குத்து ஏற்றத்தில் அருள்சாமி வண்டியை நிறுத்திவிட்டார்.

“என்ன அண்ணே?”

“ஸ்டீரிங் லேசாயிருச்சு பாஸ். முன்சக்கரம் ரோட்டுல அழுந்தல. வெறும் வண்டிக்கே இப்படி. பாரம் ஏத்துனா மூக்கத் தூக்கிரும்.”

“அப்ப நீளமே எடுத்துக்கலாம்.”

“அது கீழ தள்ளிரும்.”

“ரெண்டுமே வேணாம்னா எப்படி அண்ணே?”

அருள்சாமி எஞ்சினை அணைத்தார். “எனக்குப் பயமா இருக்கு பாஸ். உங்ககிட்டச் சொன்னதில்ல. ரெண்டு வருசமா ஒவ்வொரு கோனர்லயும் பயம்தான்.”

திருமாறன் சிரிக்கப் போனவர் சிரிக்காமல் விட்டார். கீழே லயத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. திருமாறன், “சரி, என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க,” என்றார்.

அருள்சாமி இறங்கி, ட்ரெய்லர் வந்து மாட்டும் இரும்புத் தட்டைக் காட்டினார். அது பின் அச்சுக்கு நேர் மேலே இருந்தது. “இத ஒரு முழம் முன்னால தள்ளிப் போடணும். உத்தரத்தையும் ட்ரெய்லர்ல முன்பக்கம் ஒட்டி அடுக்கணும். பாரம் முன்சக்கரத்துக்கும் வரும். அப்படின்னா குட்டை வயிறே போதும்.” தட்டை முன்னால் தள்ளினால், திரும்பும்போது ட்ரெய்லரின் மூலை ஓட்டுநர் அறையில் இடிக்குமே? அதையும் யோசித்திருந்தார். பட்டறையில் தட்டை மாற்றி மாட்டியதும் வண்டியை முழுசாக ஒடித்து நிறுத்தி, இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். நான்கு விரல் நுழைந்தது. இன்னொரு முறை பார்த்தார். பிறகு இன்னொரு முறை.

பாரம் ஏற்றிய முதல் பயணத்துக்கு யாரும் கேட்காமலே திருமாறனும் ஏறிக்கொண்டார். நான் பின்னால் காரில் போனேன். ஐந்தாவது வளைவுக்கு முன் பிரேக் விளக்கு எரிந்தது. லயத்து ஆட்களைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்பே மேட்டுப் பக்கம் ஏற்றி நிறுத்தியிருந்தார். மேவிஸின் தங்கை கைக்குழந்தையோடு நின்றிருந்தார். வண்டி அங்குலம் அங்குலமாக மடங்கியது. ட்ரெய்லரின் உள்சக்கரம் சாக்கடை விளிம்பை உரசி, கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. வண்டி நிற்கவில்லை. ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறின.

தொழிற்சாலை முற்றத்தில் ஆட்கள் கயிறுகளை அவிழ்த்தார்கள். உத்தரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அருள்சாமி மட்டும் இறங்கவில்லை. எஞ்சின் அணைந்து வெகுநேரமாகியிருந்தது. திருமாறன் டீயோடு வந்து கதவைத் திறந்தார். குவளையைப் படியில் வைத்துவிட்டு மேலேறி, ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.